கரைந்த தண்டை

என் கணவர் சவுரிராயன் பொய் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு தராசைப் பற்றி. அது பொய் என்று எனக்குத் தெரியவந்தபோது அவரை அடக்கம் செய்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன்.

அவர் மதராஸில் கெமிஸ்ட்ரி லெக்சரராக இருந்தவர். எங்கள் ஜனங்களுக்கு அது என்ன வேலை என்று புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மருந்து செய்கிற வேலையா என்பார்கள், சாராயம் காய்ச்சுகிற வேலையா என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் என்று சொல்லிவைப்பேன். எனக்குமே கல்யாணமான புதிதில் அவ்வளவுதான் தெரியும்.

கோலியனூரில் அவருடைய அப்பா படியாளாக இருந்தார். பாதிரியார் பள்ளிக்கூடம், அங்கிருந்து போர்டிங், அங்கிருந்து காலேஜ் என்று படிப்பு இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைகூட அவர் அப்பாவை ‘டேய்’ என்றுதான் கூப்பிடும். அதனாலோ என்னவோ, இவர் வகுப்பில் மீசை அரும்பாத பையனையும் ‘வாங்க, உட்காருங்க’ என்பார். முதல் வருஷம் பையன்கள் அதைக் கேலி செய்தார்களாம். அடுத்த வருஷம் லேபுக்குள் அவர்களும் ஒருவரையொருவர் வாங்க போங்க என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் பழையபடி அடாபுடாதான்.

எதற்கெடுத்தாலும் அவருக்கு எடை. எடை போடாமல் எதையும் எழுதாதே, எடை போட்டு எழுதியதை மாற்றாதே, இதுதான் அவருடைய வேதம். விடை தப்பாக வந்தும் அதை அப்படியே எழுதிக்கொடுத்த பையனுக்கு மார்க் போடுவார். புத்தகத்தைப் பார்த்துத் திருத்தி அழகாக எழுதியவனுக்கு முட்டை. ‘தராசு சொன்னதை நீங்க எதுக்கு மாத்தறீங்க, தராசுக்கு உங்கமேல இன்னா கோவம்’ என்று கேட்பாராம். அடிக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். அந்த ஒரு கேள்விக்கு அவ்வளவு பெரிய பையன்கள் எல்லாம் அழுதிருக்கிறார்கள்.

வீட்டில் மட்டும் என்னவாம். கஞ்சி பொங்கி அடுப்பை அணைக்கும், அது ஏன் பொங்குகிறது என்று பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருப்பார். இறக்கிவைக்கத் தோன்றாது. அப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் நான். அவரை எல்லோரும் தெய்வம் என்கிறார்கள், சொல்லட்டும். அந்தத் தெய்வத்துக்குச் சட்டைப் பொத்தான் தைத்துத் தைத்து என் விரல் தேய்ந்தது.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸே காலியானது. எங்கள் காலேஜ் கட்டடத்தை மிலிட்டரிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். விஞ்ஞான வகுப்புகளைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வேர்க்கடலை மூட்டை அடுக்கும் ஒரு மல்லாட்டைக் கிடங்கு, அதுதான் லேப். எனக்கு விழுப்புரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்ததால் வீட்டை விழுப்புரத்தில் போட்டோம். அவர் தினமும் காலை பாசஞ்சரில் திண்டிவனம் போய் சாயங்கால ரயிலில் திரும்புவார். சட்டையெல்லாம் மல்லாட்டைத் தூசும் அழுகின முட்டை நாற்றமும் கலந்து வரும். அந்த நாற்றம் ஏதோ ஒரு வாயு என்று பெயர் சொன்னார். எந்தப் பெயராக இருந்தால் என்ன, துவைக்கிறவள் நான்தானே.

ஒரு நன்மை நடந்தது. மதராஸுக்கு அனுப்பிப் படிக்கவைக்கத் துணியாத குடும்பங்கள், இதோ திண்டிவனம்தானே என்று பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அப்படி வந்தவன் கோதண்டபாணி. செஞ்சிப் பக்கத்து வல்லத்துக்காரன், நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளை, ஏர் பிடித்துக் காய்த்த கை. அந்தக் கையால் கண்ணாடிக் குழாயைப் பிடித்தால் குழாய் நொறுங்கும். என் கணவர் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த குழாயை நீட்டுவாராம்.

மறு வருஷம் பரீட்சை நெருங்கியது. பிராக்டிகலுக்கு சில்வர் நைட்ரேட் என்று ஒரு மருந்து வேண்டும். வெள்ளியில் செய்கிற மருந்து. சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டியது, சண்டையில் கப்பலே வரவில்லை. மதராஸ் வியாபாரிகள் கையை விரித்துவிட்டார்கள். அந்தச் சோதனை இல்லாமல் பரீட்சை செல்லாது என்று யூனிவர்சிடி சொல்லிவிட்டது. பையன்களுக்கு ஒரு வருஷம் போய்விடும். ஒரு வருஷம் போனால் கோதண்டபாணி மாதிரி பையன்களை வீட்டில் மறுபடி ஏரில் பூட்டிவிடுவார்கள், திரும்பி அனுப்பமாட்டார்கள்.

அவர் ஒரு வாரம் சோறு சரியாகத் தின்னவில்லை. வெள்ளி இருந்தால் நானே செய்துவிடுவேன் என்று மட்டும் சொன்னார். வெள்ளி ரூபாயைக் கரையுங்களேன் என்றேன். ராஜா தலையைக் கரைத்தால் உள்ளே பிடித்துப் போடுவான் என்றார். எங்கள் வீட்டில் வெள்ளி என்று இருந்தது ஒன்றுதான். அது என் பெட்டியில் இருந்தது, அது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

அது என் அம்மா பூமாலையின் தண்டை. ஒரு ஜோடி, உள்ளே பரல் போட்டது. நடந்தால் கலகலவென்று கேட்கும். அம்மாவுக்கு வல்லத்தைத் தாண்டி ஒரு சேரி. நாற்று நட்டும் மல்லாட்டை ஆய்ந்தும் எத்தனையோ வருஷம் சேர்த்து செஞ்சி பத்தரிடம் அதைச் செய்துகொண்டாள். எங்கள் தெருவுக்குள் போட்டுக்கொண்டு நடப்பாள். சந்தைக்குப் போக வல்லத்துப் பெரிய தெருவைக் கடக்கவேண்டும். தெரு முனை வந்ததும் உட்கார்ந்து இரண்டையும் கழற்றி மடியில் கட்டிக்கொள்வாள். எங்கள் காலில் வெள்ளி சத்தம் கேட்கக்கூடாது, அதுதான் அங்கே வழக்கம். தெருவைத் தாண்டினதும் மறுபடி போட்டுக்கொள்வாள். நான் கூடவே நடந்திருக்கிறேன். கழற்றும்போது ஒன்றும் சொல்லமாட்டாள். போட்டுக்கொள்ளும்போது மட்டும் கொஞ்சம் பலமாகக் காலை ஊன்றி நடப்பாள். சாகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதைப் போட்டதில்லை. பெட்டியில் வைத்து எப்போதாவது எடுத்து ஆட்டிப் பார்ப்பேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நானே எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“ஒண்ணு போதும். கரைஞ்சா காணாம போயிடும்னு நினைக்காத அம்மணி. வெள்ளி எங்கியும் போவாது. பையன்க கழுவி ஊத்தற தண்ணியக்கூட ஒரு ஜாடியில பிடிச்சு வெச்சு, கப்பல் வந்ததும் வெள்ளியா எடுத்து உன் கையில குடுத்துடறேன்.”

கரைக்கிறபோது நானும் இருப்பேன் என்றேன். என் அம்மாவின் தண்டையை யாரோ எங்கேயோ கரைக்க, நான் வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை அவரோடு ரயிலேறித் திண்டிவனம் போனேன். கிடங்கில் பையன்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் தண்டையை அறுத்துப் பரல்களை எடுத்து, கழுவித் துடைத்து, ஒரு பொடி டப்பியில் போட்டு என்னிடம் கொடுத்தார். எடை போட்டுப் பலகையில் எழுதினார். அப்புறம் ஆசிட்டில் போட்டார். பழுப்பு நிறத்தில் புகை எழும்பியது, எல்லோரும் இருமினோம். தண்ணீர் பச்சையாகத் திரும்பியது. செம்பு கலந்திருக்கிறது, அதனால்தான் பச்சை என்று பையன்களுக்கு விளக்கினார். அதாவது செஞ்சி பத்தர் என் அம்மாவை ஏமாற்றியிருக்கிறான். எனக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன பத்தர்மேல் காட்ட முடியாத கோபம், முன்னால் நின்றவன்மேல் பாய்ந்தது.

“உனக்கு எந்த ஊருப்பா?” என்று கேட்டேன். வல்லம் என்றான். எந்தத் தெரு என்றேன். பெரிய தெரு என்றான். அவன்தான் கோதண்டபாணி.

“எங்கம்மா உங்க தெருவுல இதக் கழட்டி மடியில கட்டிக்கினுதான் நடந்தா. இன்னிக்கி நீ பாஸ் பண்றதுக்கு அது கரையுது. நல்லா பாத்துக்க.”

என் கணவர் என்னைப் பார்த்தார், கோபமாக இல்லை. பிறகு மரக்காணத்து உப்பைக் கரைத்த தண்ணீரை அந்தப் பச்சைத் தண்ணீரில் ஊற்றினார். வெள்ளையாகத் தயிர் போல ஏதோ திரண்டு அடியில் இறங்கியது. இதுதான் உன் வெள்ளி என்று எனக்குக் காட்டினார். கோதண்டபாணி அதைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரயிலில் வரும்போது என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதில் தயாராக வைத்திருந்தேன். மயிலம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். “எடை போட்டு எழுதியாச்சு” என்று மட்டும் சொன்னார்.

பரீட்சை நடந்தது. பையன்கள் எல்லோரும் எழுதினார்கள். அந்த மருந்து பட்டால் தோல் கறுத்துவிடும், தேய்த்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் பையன்கள் கறுத்த விரலோடு நான் பரிமாறுவதைச் சாப்பிடுவார்கள். கோதண்டபாணியும் வருவான். பந்தியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது அவன் ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசமாட்டான், அவ்வளவுதான்.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் தெருவில் நின்று யாரோ ‘வாத்தியார் ஊட்டுல யாரு’ என்று கூப்பிட்டார்கள். வெளியே வந்தேன். காதில் தங்கத் தோடும் கண்டாங்கியுமாக ஒரு பெரிய மனுஷி. கோதண்டபாணியின் அம்மா வீரம்மாள். வெயிலில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். காது கேட்காத மாதிரி நடுத்தெருவிலேயே நின்றாள்.

“எம் புள்ள வெள்ளி அர்ணாக்கொடி போட்டுக்கினுதான் படிக்க வந்தான். அவங்க தாத்தா போட்டது. இப்ப கறுப்புக் கவுறு கட்டிக்கினு கீறான். கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். வித்துட்டு டாக்கீஸ் பாக்கறானா, ஓட்டல்ல துன்றானா, இன்னான்னு உன் புருஷன கேட்டுச் சொல்லு.”

அரைஞாணை ஓர் ஆண்பிள்ளை உயிரோடு இருக்கும்போது கழற்றக்கூடாது. பிணத்திலிருந்துதான் அறுப்பார்கள். அதை எங்கேயோ விற்றுவிட்டான் என்றால் பெற்றவள் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கும் அவன்மேல் ஆத்திரம் வந்தது. நான் போடும் சோற்றைத் தின்றுவிட்டு இந்த வேலையா என்று நினைத்தேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். பிசைந்த சோறு கையிலேயே நின்றது. எப்போதிலிருந்து காணோமாம் என்று கேட்டார். பங்குனியிலிருந்து என்றேன். அவர் அப்புறம் சாப்பிடவில்லை, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் திண்டிவனத்திலிருந்து வரும்போது கையில் மல்லிகைப்பூ பொட்டலம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் தானாகப் பூ வாங்கிவந்தது அதுதான் முதல் தடவை. கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் சந்தோஷமாக இருந்தது. என்ன விசேஷம் என்றேன்.

“லேப் தராசு கெட்டுப்போச்சு அம்மணி. எடை கூடக் காட்டுது.”

மல்லாட்டை மண்டிக்காரனுக்கு விற்றுவிடுங்கள், நல்ல விலை தருவான் என்றேன். சிரித்தார். ரிப்பேர் செய்யக்கூடாதா என்று கேட்டதற்கு, வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றார். தராசு தப்பு என்று சொல்லிவிட்டுச் சந்தோஷப்படுகிற மனிதரை அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். பூவை வைத்துக்கொள்ளும் மும்முரத்தில் விட்டுவிட்டேன். வீரம்மாளுக்கு என்ன பதில் என்று கேட்டேன். பையன் தப்பு ஒன்றும் செய்யவில்லை, அவனே ஒருநாள் சொல்லுவான் என்றார்.

கப்பல் வரவில்லை. ஜாடியில் சேர்ந்ததை மறுபடி வெள்ளியாக்கி, மறுபடி மருந்தாக்கி, அடுத்த வருஷப் பையன்களும் அதிலேயே பரீட்சை எழுதினார்கள். நாற்பத்திநாலில் காலேஜ் மதராஸுக்கே திரும்பியது, ஜாடியும் கூடப் போயிற்று. அவர் அங்கே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சனிக்கிழமை விழுப்புரம் வருவார். நான் தண்டை பற்றிக் கேட்பேன். கேலிக்குத்தான் கேட்பேன், ஆனாலும் கேட்பேன். ஒற்றைத் தண்டையை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை என்ன செய்வாள். இந்தச் சண்டை முடியட்டும் என்பார்.

சண்டை முடிந்த மாதமே அவர் காய்ச்சலில் படுத்தார். பத்து நாள் காய்ச்சல், பிறகு இல்லை. நினைவு தப்புவதற்கு முன்னால் “உன் தண்டை” என்று ஆரம்பித்தார். இருக்கட்டும், பேசாமல் படுங்கள் என்று வாயை அடைத்துவிட்டேன். விழுப்புரம் ஸ்டேஷனில் ஒவ்வொரு ரயிலாக அவருடைய மாணவர்கள் இறங்கினார்கள். சவப்பெட்டியை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். எந்தத் தோள் எந்தத் தெருத் தோள் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க எதையும் குறையவிடாத மனிதர், எனக்குச் சொன்ன சொல்லை மட்டும் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று. தண்டை போனது போனதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மனசு தேறவில்லை.

நாற்பத்தேழு தை மாதம் கோதண்டபாணி வந்தான். படித்து முடித்து மதராஸில் அதே லேபில் டெமான்ஸ்ட்ரேடராகச் சேர்ந்திருந்தான். துணியில் சுற்றி ஒரு வெள்ளிக் கட்டியை என் முன்னால் வைத்தான். கப்பல் வர ஆரம்பித்துவிட்டது, இனி அந்த ஜாடி லேபுக்கு வேண்டியதில்லை, சார் கொடுத்த வாக்கு என்றான். அவனும் கூடப் படித்தவர்களும் சேர்ந்து எடுத்தார்களாம். நான் அந்தக் கட்டியைக் கையில் எடுத்தேன். என் அம்மாவின் காலாக இல்லை, வெறும் உலோகமாக இருந்தது. இருந்தாலும் கீழே வைக்க மனசு வரவில்லை.

மீதி இருந்த தண்டையையும் பொடி டப்பியையும் எடுத்துக்கொண்டு அவனோடு கடைத்தெருப் பத்தரிடம் போனேன். இதைப் பார்த்து இதே மாதிரி ஒன்று செய்து, இந்தப் பரலையே உள்ளே போட்டுக் கொடுங்கள் என்றேன். பத்தர் தராசை எடுத்தார். ஒரு தட்டில் தண்டை, ஒரு தட்டில் கட்டி. கட்டி வைத்த தட்டு தடாலென்று கீழே இறங்கியது. பத்தர் சரியாக வைத்தோமா என்று எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் இறங்கியது.

“டீச்சரம்மா, இதுல ரெண்டு பண்ணிட்டு மேலயும் மீறும் போல கீதே” என்றார்.

செம்பு போக, கழுவினது போக, சிந்தினது போக, கட்டி குறையத்தான் வேண்டும். கெமிஸ்ட்ரி படிக்காத எனக்கே அது தெரியும், அவரோடு அத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். கோதண்டபாணியைத் திரும்பிப் பார்த்தேன்.

“உங்க சார் வெள்ளி தானா கூடாதும்பாரே. இது எப்பிடிப்பா கூடிச்சு?”

அவன் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. வேட்டி மடிப்புக்கு மேலே கறுப்புக் கயிறு தெரிந்தது.

பிறகு சொன்னான். நான் கிடங்கில் அப்படிக் கேட்டுவிட்டுப் போன இரண்டாம் நாள், சார் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பியதும் அவன்தான் முதலில் தன் அரைஞாணை அறுத்து, ஆசிட்டில் கரைத்து அந்த ஜாடியில் ஊற்றினானாம். பார்த்துக்கொண்டிருந்த கூடப்படித்த பச்சைமுத்து தன்னுடையதைப் போட்டான். அப்புறம் ஆளுக்கு ஒன்று, அரைஞாண் இல்லாதவன் ஊரிலிருந்து குழந்தையில் போட்ட காப்பைக் கொண்டுவந்தான். யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று பேச்சு.

“பரீட்சை முடிஞ்சு வைகாசியில சார் எங்க எதிர்லியே வெள்ளிய எடுத்துத் தராசுல நிறுத்தாரும்மா. திருப்பித் திருப்பி நிறுத்தாரு. கூட இருந்துது. யாரும் வாயத் தொறக்கல. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கினே, ‘வெள்ளி கூடாதுங்க. கணக்கும் தப்பில்ல. அப்ப தராசுதான் தப்பு’ன்னாரு. அப்புறம், ‘இனிமே இந்தத் தராசக் கெடுக்காதீங்க’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”

பத்தர் கடையில், போகிற வருகிறவர்கள் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். மல்லிகைப்பூவோடு வந்து நின்ற அந்த முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. எடை போட்டு எழுதியதை மாற்றாதே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதர், அந்தப் பையன்களுக்காகத் தன் வேதத்தையே ஒருநாள் மாற்றிக்கொண்டிருக்கிறார். என்னிடம் சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன், எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தார்.

உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கோதண்டபாணியிடம் சொன்னேன். எது யாருடையது என்று இனிமேல் யாராலும் பிரிக்க முடியாது என்றான். அதுவும் சரிதான். அத்தனையையும் போட்டுக் கனமாக ஒரே தண்டையாகச் செய்யுங்கள் என்று பத்தரிடம் சொன்னேன். யார் போட்டுக்கொள்ள என்று தயங்கிக் கேட்டார். எங்கள் ஜனங்களிலும் புருஷன் இல்லாதவள் தண்டை போடுகிற வழக்கம் கிடையாது. எனக்குத்தான் என்றேன்.

“உங்கம்மாவுக்கு இன்னும் தெரியாதா?” என்று வழியில் கேட்டேன். தெரியாது என்றான். சேரிக்காரி தண்டையோடு சேர்த்துக் கரைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று பயந்து, விற்றுத் தின்றவன் என்ற பெயரோடேயே நாலு வருஷமாக வீட்டில் சோறு தின்கிறானாம். நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

மாசியில் தண்டை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, திண்டிவனம் ரயில், அங்கிருந்து பஸ் என்று வல்லம் போய் இறங்கினேன். கோதண்டபாணி பஸ் நிற்கிற இடத்தில் காத்திருந்தான். பெரிய தெரு முனைக்கு வந்ததும், அம்மா உட்காரும் அதே இடத்தில், புளியமரத்து வேரில் உட்கார்ந்தேன். அவள் அங்கே கழற்றுவாள். நான் அங்கே உட்கார்ந்து போட்டுக்கொண்டேன். இடது காலில் அவளுடைய பழைய தண்டை, வலது காலில் புதியது. பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். எழுந்து நடந்தேன். பரல் அதே பரல், சத்தமும் அம்மாவின் சத்தமாகவே இருந்தது. வலது கால் மட்டும் கனத்தது.

வாசல்களில் ஆட்கள் எழுந்து பார்த்தார்கள். ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் கோதண்டபாணி நடப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவர்கள் வீட்டுக்கு எதிரில், அன்றைக்கு என் வீட்டு முன்னால் அவள் நின்ற மாதிரியே, நடுத்தெருவில் நின்றேன். சத்தம் கேட்டு வீரம்மாள் வெளியே வந்தாள். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது, என் காலையும் பார்த்தாள், முகம் சுருங்கியது.

“உங்க புள்ள டாக்கீஸும் பாக்கல, ஓட்டல்லயும் துன்னலம்மா. எங்கம்மா தண்டைக்குக் குறைஞ்சிடக்கூடாதுன்னு போட்டுட்டான். அந்த அர்ணாக்கொடி இதுலதான் கீது” என்று வலது காலை ஓர் அடி முன்னால் வைத்தேன்.

அவள் மகனைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையசைத்தான். நிஜமா என்று கேட்டாள், மறுபடியும் தலையசைத்தான். அவள் கண் நிறைந்துவிட்டது. படியிறங்கித் தெருவுக்கு வந்தாள்.

“எங்க, காட்டு” என்றாள்.

குனிந்தாள். கை பாதியில் ஒரு கணம் நின்றது. பிறகு என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, தன் மகனுடைய கொடி அதில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுகிறவள் போலத் தண்டையை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே பரல் உருண்டது. தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காலை அசைக்காமல் நின்றேன்.

“கனமாத்தான் கீது” என்றாள் வீரம்மாள்.